படுத்துக்கொண்ட கோடு

டணார்! கழுவுதொட்டியில் விழுந்த கண்ணாடிக் குவளை சுக்குநூறானது. சாயப்பட்டறை மேனேஜர் பதறிப்போய் ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

"என்னம்மா, பூகம்பமா?"

"வாங்க சார். உங்களை வரவழைக்கத்தான் உடைச்சேன்" என்றாள் கெமிஸ்ட்.

வாசலில் அவள் கணவன் நின்றான். பட்டறையின் பம்ப் ஆபரேட்டர். கழிவு வாய்க்கால் தண்ணீரை நேற்றே சோதனைக்காகப் பாட்டிலில் பிடித்து அவளிடம் கொடுத்தவன் அவன்தான்.

நேற்று அந்த வாய்க்காலைச் சுத்தம் செய்ய இறங்கிய துப்புரவு அக்காவுக்கு இரண்டு பாதங்களும் வெந்துபோயின. 'சுடுதண்ணீரில் கவனமில்லாமல் இறங்கினார்' என்று எழுதி, அவரை வேலையிலிருந்து நீக்கும் காகிதம் மேனேஜர் மேஜையில் தயாராக இருந்தது. தண்ணீரில் அமிலம் என்று நிரூபித்தால் அது குப்பைக் காகிதம்.

"தண்ணி மை மாதிரி கறுப்பு. நிறங்காட்டி சொட்டு விட்டு நிறம் மாறுதான்னு பார்க்க முடியாது. அமிலத்தைக் காட்டுற பி.எச். மீட்டர் ரிப்பேருக்குப் போய் மூணு மாசம், நீங்க திருப்பி வாங்கல. அதான் தண்ணி எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துதுன்னு அளந்துகிட்டே காரத்தைச் சொட்டுச் சொட்டா விட்டேன். எவ்வளவு கறுப்பா இருந்தாலும் இதுக்குக் கவலையில்ல. அமிலம் இருந்தா வரைபடத்துல கோடு இறங்கும், தீர்ந்ததும் ஏறும். இங்க பாருங்க, பாய் விரிச்சுப் படுத்திருக்கு!"

"அப்போ அமிலம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அர்த்தமா? பாட்டிலைக் கவிழ்த்தேன். அடியில கைப்பிடி கல் உப்பு! உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் சார். சந்தைக் கூச்சல்ல கொசு பாடினா காதுல விழுமா? இந்த முறையோட ஓட்டையே அதுதான். அது வழியா புகுந்து ஒருத்தி பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தீங்களே, வெக்கமா இல்ல?"

மேனேஜர் முகம் சிவந்தது. "வாயை அளந்து பேசும்மா! நான் பி.காம். உப்பு போட்டா உன் மெஷின் ஏமாறும்னு என் கனவுல வந்தா சொன்னாங்க? இப்ப நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்!"

பொய் சொல்கிற முகம் இல்லை அது. உப்பு வந்தால் அளவு கெட்டுவிடுகிறது என்று அவள் புலம்பியது ஒரே இடத்தில்தான். வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

மெல்லத் திரும்பினாள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களா?" உப்புப் பாட்டிலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வெந்தது அவங்க கால்! யாரைக் காப்பாத்த இந்த வேலை? சொல்லுங்க!"

"என்னைத்தான்... முந்தாநாள் ராத்திரி, வாய்க்காலுக்குப் போற அமில வால்வை மூடாம வீட்டுக்கு வந்துட்டேன்."