வலிக்குதுன்னு சொல்லக் கூடாது

ஆர்ச்சிபாங் பாஸ்டரின் சபையில் யாருக்கும் காய்ச்சல் வராது. வந்தாலும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால்தான் நோய் உள்ளே நுழையுமாம். அதுவரை வாசலில் கைகட்டி நிற்குமாம். இப்படி வாயாலேயே வடை சுடுகிற கூட்டம் கலபார் நகரத்தில் தெருவுக்கு ஒன்று உண்டு. அதில் பெரிய சட்டி இந்தப் பாஸ்டருடையது.

சபைக்கு வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைக்கிற வேலை எஃபியோமுக்கு. அவனுக்கு ஏற்கெனவே சர்க்கரை. வலது காலில் ஆணி குத்தி, ஒரு வாரத்தில் இரண்டு விரல் கறுத்து, படுக்கையறையே நாறியது. அவனோ தடிமனான சாக்ஸை மாட்டிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் நான் பலவான் என்று பதில் சொல்லித் திரிந்தான்.

புண் அழுகுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி இக்வோ சொன்ன உடனே அவன் தலைக்கு மேல் கையைச் சுழற்றி விரலைச் சொடுக்கினான். கெட்ட வார்த்தையை உதறுகிறானாம். அதோடு விடாமல் பாஸ்டரிடம் போய்க் கோள் மூட்டினான். பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். அவள் வைத்த அஃபாங் கீரைக் குழம்பில் இரண்டு தட்டு ஃபூஃபூக் களியைத் தொட்டு விழுங்கிவிட்டு, உன் நாக்குதான் உன் புருஷனைக் கொல்லப்போகிறது என்று அவளிடமே தீர்ப்புச் சொன்னார். சாப்பிட்ட கைகூடக் காயவில்லை, பாவி மனுஷன்.

இக்வோ பயந்துபோனாள். ஒருவேளை தன் வாய்தான் காரணமோ என்று பத்து நாள் அதற்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். அந்தப் பத்து நாளில் மூன்றாவது விரலும் கறுத்தது. நான்தான் வாயையே திறக்கவில்லையே, பிறகு இது எப்படி அழுகியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் காலை அவன் காய்ச்சலில் எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் கிடந்த நேரம் பார்த்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

உடம்புக்கு என்ன என்று டாக்டரம்மா கேட்டார். எஃபியோம் பல் கிடுகிடுக்க, ஒன்றுமில்லை, சுகமாகிவிட்டேன் என்றான். சாக்ஸைக் கழற்றவும் மாட்டேன் என்றுவிட்டான். வெளியே வரிசை வாசல் கேட் வரைக்கும் நின்றது. சுகமானவருக்கு இங்கே என்ன வேலை என்று டாக்டரம்மா அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார்.

இக்வோ குறுக்கே போய் நின்றாள்.

"அம்மா, இவருக்கு சர்க்கரை. ஆணி குத்தி மூணு வாரம் ஆகப்போகுது. மூணு விரல் அழுகிப்போச்சு. இப்படியே அனுப்பினா செத்துப்போயிடுவார்."

எஃபியோம் கையைத் தூக்கிச் சொடுக்கப் பார்த்தான். சொடுக்கு விழவில்லை. அவளே குனிந்து சாக்ஸை உருவினாள். டாக்டரம்மா சீட்டைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். விரலை எடுக்கச் சம்மதம் என்கிற தாளில் அந்தப் பலவான் கையெழுத்துப் போட்டான். அன்று மாலையே மூன்று விரலையும் எடுத்தார்கள். உயிர் தங்கியது.

ஆறு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எஃபியோம் மேடையேறினான். சுகம் சுகம் என்று வாயால் அறிக்கையிட்டதாலேயே பிழைத்தேன் என்றான். அவன் கதையில் டாக்டரம்மாவும் இல்லை, கத்தியும் இல்லை, கட்டின பெண்டாட்டியும் இல்லை. சபை எழுந்து ஆர்ப்பரித்தது. பாஸ்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். இக்வோவையும் மேலே அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்.

"சகோதரி, அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் செத்துப்போவார்னு சொன்னீங்களே. அந்த வார்த்தையை ரத்து பண்றேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

இக்வோ புருஷனின் பளபளக்கிற ஷூவைப் பார்த்தாள். காலையில் அதன் முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்ததே அவள்தான்.

"பண்றேன் பாஸ்டர். முதல்ல இவர் அந்த ஷூவைக் கழட்டட்டும். நீங்க உங்க வாயால அந்த மூணு விரலையும் வரச் சொல்லுங்க. வந்ததும் ரத்து பண்றேன்."

பாஸ்டர் பாட்டு ஆரம்பிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். டிரம் அடிக்கிறவன் அதைக் கவனிக்கவே இல்லை, எல்லாரையும் போல எஃபியோமின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரம் நின்றதில் எஃபியோமுக்குக் கால் விண்ணென்று தெறித்தது. தடுமாறி மனைவியின் தோளைப் பிடித்தான்.

"வலிக்குது இக்வோ," என்றான். "வீட்டுக்குப் போலாம்."

மைக் அவள் கையில்தான் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.