உரியவர் வந்துபோகிறார்

கடைசிப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. அவர் வயிற்றை ஒரு கையால் லேசாக அமுக்கி, இன்னொரு கையால் சட்டையை இழுத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரை "மூச்சை உள்ள இழுங்க" என்பாள், இழுப்பார், பொத்தான் ஏறிவிடும். இன்று அந்த ஒத்தாசை கிடைக்கவில்லை.

"விடுங்க அண்ணி, மேல துணி போர்த்தத்தானே போறோம்," என்றாள் நாத்தனார்.

"பொத்தான் போடாம அவர் வாசப்படி தாண்டினதில்ல."

எப்படியோ போட்டுவிட்டாள். வண்டி நாலு மணிக்கு வரும் என்றிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது. அவரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி. நேற்று முன்தினம் மாலை, மூக்கில் குழாயோடு, "இப்பவாவது ஒத்துக்கோயேன்," என்றார்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

"பேச்சு மாறக் கூடாது."

அவர் மாறவில்லை. இன்று காலை வீட்டுக்கு வந்துவிட்டார்.

பேருந்து டிப்போவில் தொலைந்த பொருள் அறை அவருடையது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடை, பை, செருப்பு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரணை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. எப்படி எழுத வேண்டும் என்று விதியில் இல்லை. அங்கேதான் வினை.

'சாப்பாட்டு டப்பா. மூடி நசுங்கியது. இதற்காக யாரோ விடியுமுன் எழுந்திருக்கிறார்கள்' என்று எழுதுவார். அந்த டப்பாவைத் தேடி வந்த ஆள் பலகையைப் படித்துவிட்டு, டப்பாவை வாங்கக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினான். 'செருப்பு, இடது. வலது இதை விட்டு அதிகதூரம் போயிருக்காது' என்று ஒருமுறை எழுதினார். சொந்தக்காரர் மறுநாள் வலதுகால் செருப்பையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறினார். சந்தேகம் இருந்தால் டிப்போவில் கேட்டுக்கொள்ளலாம். கேட்பவர்களுக்கு அந்த ஜோடியை இன்றும் காட்டுவார்கள்.

"ஊர்ல தொலைஞ்ச செருப்புக்கெல்லாம் பாட்டு கட்டினான் எங்கண்ணன்," நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "கட்டினவளுக்கு ஒரு வரி எழுதினானா?"

முப்பத்தோரு வருடமாக அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், வாய்விட்டுக் கேட்காமல்.

அவளுக்கு இருபத்து நான்கு வயதில் பேருந்தில் ஒரு குடை தொலைந்தது. டிப்போவுக்குப் போனாள். பலகையில் இருந்தது: 'குடை. கறுப்பு. எட்டுக் கம்பியில் ஒன்று முறிவு. மீதி ஏழும் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன.'

அதற்குள் மூன்று பேர் வந்து அது தங்கள் குடைதான் என்று சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் மட்டும், "இது என்னுது இல்லீங்க. என்னுது சும்மா ஒரு குடை," என்றாள்.

"எந்த பஸ்? எந்த சீட்டு?"

சொன்னாள். எல்லாம் பொருந்தியது.

"அப்ப இதுதாம்மா."

"இல்லீங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் நிஜமாகவே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பாதி வழியில் தெரிந்தது. ஆனால் ஒத்துக்கொண்டால் மறுபடி அந்தப் பக்கம் போக என்ன வேலை? இன்னும் நாலு தரம் போய், நாலு தரமும் இல்லை என்றாள். ஆறாவது மாதம் கல்யாணம். அதற்குப் பிறகும் இல்லை என்றுதான் சொன்னாள். அவர் அந்தக் குடையை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கலாம். உரியவர் வாயால் சொல்லாமல் ஒரு குண்டூசி அவர் மேஜையைத் தாண்டியதில்லை.

மூன்று மணிக்கு டிப்போ சூப்பர்வைசர் வந்தார். கையில் காகிதம் சுற்றிய நீளமான பொருள், கக்கத்தில் பதிவேடு. இறந்தவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. திங்கக்கிழமை அந்த அறைக்கு வேற ஆள் வர்றார். யாரும் கேக்காத சாமான் ஏலத்துக்குப் போயிடும். ஆனா இது வருஷா வருஷம் புதுப் பதிவேட்டுல முதல் வரியில ஏறிடும்." பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார்.

'குடை. கறுப்பு. உரியவர் வந்துபோகிறார்.'

"ஏலத்துல போட எனக்கு மனசு வரல. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. பலகையில எழுதாத அடையாளம் ஒண்ணை இவர் தனிச் சீட்டுல எழுதி மடிச்சு, சீல் வச்சுப் பொருளோடயே கட்டியிருப்பார். அதை யார் சொல்றாங்களோ அவங்ககிட்டதான் குடுக்க முடியும்."

அவள் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை. கணவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, தினமும் காப்பி ஆறுகிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"கைப்பிடியில பல்லு பதிஞ்சிருக்கும். மூணு பல்லு. பஸ் வர லேட்டானா கடிக்கிற பழக்கம் எனக்கு. அது என் குடைதாங்க."

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. "அப்ப முப்பத்தோரு வருஷமா எங்கண்ணன்கிட்ட பொய்யா சொன்னீங்க?"

"ஆமா."

சூப்பர்வைசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பிரித்தார். ஒருமுறை படித்தார். வாய்விட்டுப் படிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அவளிடமே நீட்டிவிட்டார்.

நீல மையில்: 'கைப்பிடியில் மூன்று பல்தடம். நடுப்பல் கொஞ்சம் முந்திரிக்கொட்டை.'

அதன் கீழே கறுப்பு மையில், அவள் முதல்முதலாக அந்த அறைக்குப் போன தேதி போட்டு: 'இன்று ஒரு பெண் இது தன்னுடையதில்லை என்று சிரித்தாள். பல் மூன்றும் சரிபார்க்கப்பட்டன. அவசரமில்லை.'

"சரியா இருக்காம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"இருக்கு."

"இங்க ஒரு கையெழுத்து."

போட்டாள். பேனா முதலில் எழுதவில்லை. சூப்பர்வைசர் உதறிக் கொடுத்தார். சீட்டை மடித்துக் கணவர் சட்டைப் பைக்குள் வைக்கப் போனாள். பிறகு தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாலு மணிக்கு வண்டி வரவில்லை. நாலே காலுக்கு யாரோ போன் செய்தார்கள், வந்துகொண்டே இருக்கிறதாம். அவள் வாசலில் வந்து நின்றாள். தெருமுனை வரை வெயில். குடையை விரித்தாள். ஒரு பக்கம் தொங்கியது, மற்ற ஏழும் நின்றன. மடக்கி, தரையில் ஊன்றி, தெருமுனையைப் பார்த்தாள். நேரம் போனது. எப்போது தூக்கினாளோ, கைப்பிடி வாயில் இருந்தது.

ஓரத்துப் பற்கள் இரண்டும் பழைய பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. நடுப்பல் விழுந்து நாலு வருடம் ஆகிறது. அந்தப் பள்ளம் மட்டும் காலியாக இருந்தது.