கெண்டைக்கால் கோடு

சாய்நாத்தை மன்னிக்க மஹதிக்கு மனசே வரவில்லை. வரவும் வேண்டாம். கண் பூத்துப்போக அவள் எழுதிய புரோகிராம் அது. மனிதன் நடக்கும்போது காலின் எந்தத் தசை எப்போது எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு, கோடு கோடாக வரைந்து காட்டும். தொண்ணூற்றாறில், அம்மை போட்டு அவள் மயிலாப்பூர் வீட்டில் படுத்திருந்த வேளையில், துறைத்தலைவரான இந்த மகானுபாவர் அவள் மேசை டிராயரிலிருந்த ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தன் பெயரில் கட்டுரையே வெளியிட்டுவிட்டார். மஹதியின் பெயரும் கடைசிப் பக்கத்தில் இருந்தது, தட்டச்சு உதவிக்கு நன்றி என்று.

தட்டச்சாம்! அந்த வார்த்தையைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை.

திருடினவருக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர் எடுத்தது பழைய ஃப்ளாப்பி. புரோகிராமுக்குள் நடக்கிற கணக்கு மனிதனுக்கு, அதாவது மாடலுக்கு, வேண்டிய பாத அளவுகளை மஹதி வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தாள். அங்கே ஆட்களை ஷூவோடு அளந்திருந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த அடையாறு லேபிலோ கம்ப்யூட்டர் இருந்தது ஏ.சி. அறையில். தூசி வந்துவிடும் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். நடந்துகாட்ட வந்தவர்கள் எல்லோரும் சந்நிதிக்குள் போவதுபோல வெறுங்காலோடு போய், வெறுங்காலோடே கேமரா முன் நடந்தார்கள். மாடலுக்கு அது தெரியுமா? காலடியில் ஷூ இருப்பதாக நம்பி, கணக்கில் குதிகாலைத் தூக்கியே வைத்தது. குதிகால் தூக்கியிருந்தால் கெண்டைக்கால் சதை முன்னமே சுருங்கிக் கிடக்கும். சுருங்கின சதை கொஞ்சம் இழுக்கவே முழு பலத்தையும் காட்ட வேண்டும். அதனால் சாதாரணமாக நடக்கிறவனின் கெண்டைக்கால் கோடு உச்சியிலேயே நின்றது. இதைக் கண்டுபிடிக்க மஹதிக்கு ஒரு மழைக்காலமே போயிற்று. திருத்தியதை அவள் வீட்டில் வைத்திருந்தாள்.

சாய்நாத்துக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஒருநாள் கூப்பிட்டார்.

"மஹதி, இந்தக் கெண்டைக்கால் கோடு ஒரு மாதிரி இருக்கோ?"

"ரொம்ப அழகா இருக்கு சார்," என்றாள். பொய் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

புது ஆராய்ச்சி மையத்துக்கு சாய்நாத்தை இயக்குநராகப் போடலாமா என்று பார்க்க ஒரு குழு வந்தது. தலைவர் டாக்டர் ராஜநாயகம், சாந்தோம்காரர், ஆயுசு முழுக்க எலும்பு வைத்தியம் பார்த்தவர். திரையில் கோடுகள் ஓடின. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ன தம்பி, இவன் நடக்கிறானா, எம்பிக் குதிக்கிறானா? எந்த மனுஷனுக்கும் கெண்டைக்கால் இப்படி வேலை செய்யாதே!"

சாய்நாத்துக்கு அந்த ஏ.சி.யிலும் வேர்த்தது. "அது... அளவு ஏத்தினதுல தப்பு சார். அசிஸ்டென்ட் பண்ணினது. இதோ, இந்தப் பொண்ணுதான்."

வாயே திறக்கக்கூடாது என்றுதான் மஹதி வந்திருந்தாள். இதைக் கேட்டபிறகு எப்படிச் சும்மா இருப்பது? எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஃபைல்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. அத்தனையும் அவள் வைத்த பெயர்கள்.

"என் தப்புன்னா இப்பவே திருத்திடறேன் சார். எந்த ஃபைல்னு மட்டும் சொல்லுங்கோ. நீங்க எழுதின புரோகிராம்தானே?"

சாய்நாத் திரையையே வெறித்தார். பிறகு, "மேலேர்ந்து ரெண்டாவது," என்றார்.

"அது பிரிண்டருக்கு சார்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அப்போ... அதுக்கு அடுத்தது."

"அது கோட்டுக்குக் கலர் குடுக்கறது சார்."

ராஜநாயகம் நாற்காலியை மஹதியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போதும்மா, எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீயே சொல்லு, எங்க தப்பு?"

மஹதி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கட்டாயம் சொல்றேன் டாக்டர். மொதல்ல சார் சொல்லி முடிக்கட்டும். இன்னும் நெறைய ஃபைல் பாக்கி இருக்கு."