இளங்கொடிக்குத் தனி மருந்து

கம்பத்துத் திராட்சை விவசாயி ஹனீபாவின் ஆறு வயது மகள் ரஃபியாவுக்கு இரத்தப் புற்றுநோய். மதுரை டாக்டர் பெரியவர்களுக்கான மாத்திரையை எழுதிக்கொடுத்து, பாதியாக உடைத்துத் தரச் சொன்னார். மனைவி லத்திபா எவ்வளவு கவனமாக உடைத்தாலும் சரிபாதி வரவில்லை.

“புள்ளைகளுக்குன்னு தனியா இல்லையாய்யா?” என்று ஹனீபா டாக்டரிடம் கேட்டார்.

“அந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட ஆளில்லை பாய்.”

அந்த வாரமே ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி விவசாயிகளைக் கூட்டிப் பிரியாணி போட்டது. இளங்கொடிக்கென்றே புது மருந்து வந்திருக்கிறதாம்.

“பெரிய கொடிக்கு அடிக்கிறதை இளங்கொடி தாங்காதுங்க. எட்டு வருசம் ஆராய்ச்சி பண்ணினோம்,” என்று கம்பெனிக்காரர் உருகினார்.

ஹனீபா எழுந்தார். “எம்புள்ளைக்குப் பெரியாளு மாத்திரையத்தான் உடைச்சுக் குடுக்கச் சொல்றாக. அதுக்கும் இப்படி ஒண்ணு கண்டுபிடிக்கக் கூடாதா?”

“பாவந்தான் பாய். ஆனா எத்தனை புள்ளைகளுக்கு வருது? கம்பெனிக்குக் கட்டுப்படியாகாதே,” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

ஹனீபா பிரியாணியைத் தொடவில்லை. ஆனாலும் மருந்தை வாங்கினார். கொடி காய்த்தால்தான் மகளுக்கு வைத்தியம்.

கொடிகள் தளதளவென்று வளர்ந்தன. படம் எடுக்கக் கம்பெனிக்காரரே தோட்டத்துக்கு வந்தார். முடி கொட்டிய தலையோடு பக்கத்தில் நின்ற ரஃபியாவிடம், “கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கொடி மறையுது,” என்றார்.