தம்பூரா நின்ற நாலு நிமிடம்

பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பது என் வேலை. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுவது என் பைத்தியம். சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. தப்புக் கண்டுபிடிக்க மட்டும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

அந்தக் களஞ்சியத்தின் முகப்பில் 'தெரியுமா?' என்று ஒரு பெட்டி உண்டு. புதிய கட்டுரை ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரி அதில் வரும். இருநூறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், பார்த்தவர் கட்டுரையைத் திறக்காமல் போகக் கூடாது, அச்சில் வந்த ஆதாரம் கண்டிப்பாக வேண்டும். கட்டுரை ஏறிய ஏழு நாளுக்குள் வரியைக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும், பிறகு அடுத்தது.

நான் எழுதியது இரண்டு வருடம் முன்பு காலமான ஒரு கர்நாடக இசைப் பாடகியைப் பற்றி. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் தம்பூரா மீட்டியது என் அம்மா. ஊருக்கெல்லாம் அவர் மேடம், அம்மாவுக்கு மட்டும் அக்கா. இதை மறைக்காமல் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் முதலிலேயே எழுதிவிட்டேன். அதனால் வரிகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர், நாங்கள் கத்திரி என்று அழைப்பவர், என்னிடம் இரண்டு மடங்கு கறாராக இருந்தார்.

நான் செய்த தப்பு வேறு. ஆதாரம் தேடும் முன்பே அம்மாவிடம், "உன் பேரும் வருதும்மா" என்று சொல்லித் தொலைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை. அழைப்பிதழ்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் வயலின்காரர் பெயர் இருக்கிறது, மிருதங்கக்காரர் பெயர் இருக்கிறது, மைக்செட் வைத்தவர் பெயர்கூட இருக்கிறது. அம்மா பெயர் எதிலும் இல்லை. ஒரு புகைப்படத்தில் பாடகியின் தோளுக்குப் பின்னால் தம்பூராவின் தண்டியும் நாலு விரலும் தெரிகின்றன. அது யார் விரல் என்று எனக்குத் தெரிந்து என்ன பயன்? கத்திரி கேட்பது காகிதத்தை.

அம்மா அலட்டிக்கொள்ளாத மாதிரிதான் இருந்தாள். ஆனால் தினமும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே "வந்துச்சா?" என்பாள். எழுபத்தொரு வயது வரைக்கும் என்னிடம் எதுவும் கேட்டறியாதவள். கேட்டது இந்த ஒன்றுதான், அதுவும் நானாகப் போய் ஆசை காட்டியது.

விருதையும் வெளிநாட்டுப் பயணத்தையும் வைத்து இரண்டு வரிகள் கொடுத்தேன். உப்புச் சப்பில்லை என்று கத்திரி தள்ளிவிட்டார். ஐந்தாம் நாள், நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டித் தும்மிக்கொண்டிருந்தபோது ஒரு விமர்சனம் கிடைத்தது. ஆலாபனையின் நடுவே தம்பூரா நின்றுபோனதாம். மீட்டிய பெண் தண்டியில் சாய்ந்து உறங்கிவிட்டாராம். பாடகி சுருதியின் துணையில்லாமல் நாலு நிமிடம் மயிரிழை பிசகாமல் பாடினாராம். இப்படிப்பட்டவர்களை மேடையேற்றலாமா என்று கடைசியில் ஒரு குட்டு. அந்தப் பெண்ணின் பெயர் இனிஷியலோடு இருந்தது. என் அம்மாவின் பெயர்.

தேதியைப் பார்த்தேன். அன்று எனக்கு நாலரை மாதம். வீட்டில் ஒருவரையும் கண்மூட விடாத குழந்தை என்று சொந்தபந்தத்தில் எனக்கு இன்றுவரை பெயர். குற்றவாளியை வெளியே தேட வேண்டியதில்லை.

விமர்சனத்தைக் கத்திரிக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: "இதுதாங்க வரி. பேரும் அச்சுல இருக்கு, தாராளமா போடலாம்." எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருபத்திரண்டு வருடம் விழித்திருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, நாலு நிமிடம் தூங்கியதற்கு உண்டு.

இரண்டு நாள் அம்மா கண்ணில் படாமல் திரிந்தேன். ஏழாம் நாள் சாயங்காலம் வேறு வழியில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் நகலை நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள்.

"யாரும் பாக்கலைன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன்" என்றாள். "பூனை கண்ணை மூடிக்கிட்ட கதை."

முழித்ததும் விட்ட இடத்திலிருந்து மீட்டினாளாம். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். வண்டியில் வரும்போது குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். இப்போது அம்மாவைக் குத்தியது அதுதான். அக்கா இந்த விமர்சனத்தைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது, படித்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மனசுக்குள் என்ன நினைத்தாரோ. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரிடம் கேட்பது?

வரியே வேண்டாம், எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"பேர் தப்பில்லாம இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போடு. தூங்கினது நான்தானே, பக்கத்து வீட்டுக்காரியா?"

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரி ஏறியது. தம்பூரா மீட்டிய இன்னார் உறங்கிவிட்டதால் சுருதி நின்ற பிறகும் பாடகி நாலு நிமிடம் பாடினார் என்று, அம்மாவின் முழுப் பெயரோடு. அம்மா என் மடிக்கணினி முன் உட்கார்ந்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு போன் வந்தது. பழைய வயலின்காரர். அவருடைய பேரன் காட்டினானாம். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, முழிச்சாச்சா?" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது.

"நான் வில்லால தட்டி எழுப்பத்தான் போனேன். மேடம் பாடிக்கிட்டே கையை நீட்டித் தடுத்தாங்க. தூங்கட்டும்னு கண்ணைக் காட்டினாங்க. அந்த ராகத்தை அங்கேயே முடிச்சிருக்கலாம்மா. உனக்காகத்தான் நாலு நிமிஷம் இழுத்தாங்க."

இணைப்பு போன பிறகும் அம்மா போனைக் கையில் வைத்திருந்தாள். இதையும் அதில் சேர்க்க முடியாதா என்று கேட்டாள்.

"அச்சுல வரலையேம்மா."

"சரி விடு. எனக்குத் தெரிஞ்சிடுச்சே, அது போதும்."

மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். கழுத்து வலிக்குமே என்று எழுப்பப் பக்கத்தில் போனேன். எழுப்பவில்லை.