முண்டியம்பாக்கத்து அண்ணன்

கலைமதி எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் ஒரு பெண், கொட்டுகிற மழையில் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். தை மாதத்தில் தூக்கிய கை, வைகாசி முடிந்தும் இறங்கவில்லை. பாவம், ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள்தான் நனைவாள்! போனில் அந்தக் கதையைப் படித்துவந்தவர்கள் முதலில் அன்பாகக் கேட்டார்கள்: "அக்கா, அடுத்த அத்தியாயம் எப்போ?" அப்புறம் கொஞ்சம் கோபமாக: "அக்கா, அவளுக்கு ஒரு குடையாவது குடுங்க." அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் போனதைத்தான் கலைமதியால் தாங்க முடியவில்லை.

அவள் எழுதத் தெரியாதவள் இல்லை. விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் டைப் செய்கிற வேலை அவளுக்கு. திண்டிவனத்தில் காலை பாசஞ்சரைப் பிடித்துப் போவாள், சாயங்கால பாசஞ்சரில் திரும்புவாள். லேடீஸ் பெட்டியில் இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு, கட்டைவிரலாலேயே தட்டித் தட்டி இரண்டு தொடர்கதையை முடித்திருக்கிறாள். மூன்றாவது பாதியில் இருக்கும்போதுதான் முதலாளி ஆனந்தராஜ் ஒரு நல்ல காரியம் செய்தார். "எதுக்கும்மா தெனம் அலையறே? வூட்லயே கம்ப்யூட்டர் வெச்சிக்கினு டைப் பண்ணி அனுப்பிடு" என்றார். தெருவே அவளை வாழ்த்தியது. அவளுக்கும் தலைகால் புரியவில்லை. இனி நாளெல்லாம் எழுதலாமே! மேஜை வாங்கினாள். முதுகு வலிக்காத நாற்காலி வாங்கினாள். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டாள்.

மேஜை வந்தது, நாற்காலி வந்தது, கதை வரவில்லை.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே அவளுக்கு நாற்பத்தாறு வயது ஆகிவிட்டது, இங்கேயும் அதைக் கிளற வேண்டாம். வீட்டில் பேச்சுக்குரல் என்பதே கிடையாது. சாயங்காலம் கடைக்குப் போய் "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு அதுதான் தன் முதல் பேச்சு என்று அப்போதுதான் உறைக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

செய்யாத வைத்தியமில்லை. காலையில் எழுந்ததும் மனதில் தோன்றுவதை எழுது என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். எழுதினாள். 'மோட்டார் போட வேண்டும், தண்ணீர் இல்லை' என்று வந்தது. நட என்று இன்னொருவர் சொன்னார். நடந்தாள். கால் வலித்தது. ஒரு நாள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும், தேற்றுவதற்கு யாராவது வருவார்கள் என்று தான் வாசலைப் பார்த்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை குளித்து, பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். எங்கே போகிறோம் என்ற யோசனை இல்லை. எழுதிய இடத்தில் போய் உட்கார்ந்தால் வராமலா போகும் என்று ஒரு நப்பாசை.

பாசஞ்சருக்கு ஒரு சட்டம் உண்டு. ரயில்வே எழுதிய சட்டமில்லை. முன்னால் ஏறுகிறவர்கள் பின்னால் ஏறுகிறவர்களுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவைப்பார்கள். கைக்குட்டை கிடக்கிற இடத்தில் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது. ஒலக்கூரில் ஏறுகிற தைலம்மாள்தான் கலைமதிக்கு வருஷக்கணக்காகக் கைக்குட்டை போட்டவள். விழுப்புரத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. ஐம்பது தாண்டிய வயது, புருஷன் இல்லை, வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். இப்போது அந்த ஜன்னலோரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அடி ஆத்தே, கலை!" தைலம்மாள் கத்தினாள். "எங்கடி போயிட்டே இத்தினி நாளா? தோ பாரு புனிதா, யாரு வந்துகிறான்னு!"

துணிக்கடையில் வேலை செய்கிற புனிதா நகர்ந்து அரை ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். "மறுபடி வேலைக்கு வர்றீங்களாக்கா?"

கதை வரவில்லை, அதைத் தேடிக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? அவள் கதை எழுதுகிறாள் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. போனில் எவனோடோ பேசுகிறாள் என்றுதான் ஒரு காலத்தில் கேலி செய்வார்கள்.

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள். "அண்ணன் அட்மிட் ஆயிருக்காரு. பெரியப்பா பையன்."

"ஐயோ, இன்னா ஆச்சு?" என்று தைலம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். கலைமதிக்குப் பெரியப்பாவே கிடையாது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. முண்டியம்பாக்கத்தில் இறங்கினாள். பெட்டியிலிருந்து கை ஆட்டினார்கள். பிளாட்பாரத்து பெஞ்சில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மழையில் அந்தப் பெண் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மூடிவிட்டு, அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்பினாள்.

அதோடு போயிருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் பால் வாங்கும்போது தொண்டை கரகரக்கவில்லை. மறுநாளும் கிளம்பிவிட்டாள்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்றாள் புனிதா.

அண்ணனுக்கு சக்கரபாணி என்று பெயர் வந்தது. வானூர்ப் பக்கம் கட்டட மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. அடுத்த நாள், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய் வெகுநாளாயிற்று என்று தெரிந்தது. அதற்கும் அடுத்த நாள், அவர் யாரோடும் பேசுவதில்லை, பார்வையாளர் நேரம் வந்தால் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், எல்லாரும் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று கலைமதி சொன்னபோது, எதிர் சீட்டில் முன்பின் தெரியாத அம்மா ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். காதில் ஒயர் மாட்டிய பெண் ஒயரைக் கழற்றிவிட்டாள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். கேட்பவர்களை விடுங்கள், சொன்னவளுக்கே கண் கலங்கியது!

தைலம்மாள் அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தாள். புனிதா பன் வாங்கி வந்தாள். கலைமதி எல்லாவற்றையும் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தானே தின்றாள். வெட்கமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. போனில் ஒரு வரிகூட ஏறவில்லை.

ஆனி கடைசியில் ஒரு நாள். முண்டியம்பாக்கத்தில் கலைமதி இறங்க, பின்னாலேயே தைலம்மாளும் பையோடு இறங்கினாள்.

"அக்கா, நீங்க விழுப்புரமாச்சே?"

"ஆமா. இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். நட."

கலைமதி நடந்தாள். எந்த வார்டைக் காட்டுவது, எந்தக் கட்டிலைக் காட்டுவது? வேப்பமரம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. தைலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து அவளையும் இழுத்து உட்காரவைத்தாள்.

"சொல்லு. டாக்டருங்க இன்னா சொல்றாங்க?"

"அண்ணனுக்கா? இன்னும் ஒரு வாரம்..."

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. உனக்குடி. உனக்கு இன்னா ஒடம்பு?"

தைலம்மாள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான். ஃப்ரெண்டு அட்மிட் ஆகிக்கிறான், பாத்துட்டு வர்றேன்னு சொல்லிக்கினு தெனம் போவாரு. நானும் நம்பிக்கினு கூழு ஊத்திக் குடுப்பேன். ஃப்ரெண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவருக்குத்தான் கேன்சரு. எனக்குத் தெரியறப்ப எல்லாம் முடிஞ்சி போச்சி. ஒத்தையா வரிசையில நின்னு, ஒத்தையா ஊசி போட்டுக்கினு... நீ அண்ணன்னு வாயத் தொறந்தப்பவே எனக்குப் பகீர்னுச்சி. புனிதாவுக்கும் சொன்னேன். எல்லாருக்கும் தெரியும். கேட்டா நீ வராம போயிடுவேன்னு யாரும் கேக்கல. மயிலம் முருகனுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினு கீறேன். இனிமே நீ ஒத்தையா போவக்கூடாது. நான் வர்றேன்."

இதற்குமேல் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கலைமதி எல்லாவற்றையும் சொன்னாள். தொடர்கதை, மேஜை, நாற்காலி, மழையில் நிற்கிற பெண். "எனக்கு ஒரு நோயும் இல்லக்கா. கதைதான் வரல."

"கதையா?" தைலம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒடம்புல ஒண்ணும் இல்ல?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"எங்க அம்மா மேல சத்தியமா."

தைலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கலைமதி தொடப்போனாள். முந்தானை விலகி, முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"பாவி! நான் குடுத்த கஞ்சி?"

"நான்தான் குடிச்சேன்."

"புனிதா குடுத்த பன்னு?"

"அதுவும்தான்."

"நல்லா இரு" என்று எழுந்துவிட்டாள். அடுத்த விழுப்புரம் வண்டி வரும்வரை பிளாட்பாரத்தின் மறுகோடியில் போய் நின்றாள். எத்தனை முறை "அக்கா" என்று கூப்பிட்டும் திரும்பவில்லை. வண்டி வந்து, படியில் கால் வைத்தபிறகுதான் திரும்பினாள்.

"அந்த ஆளு... உங்க அண்ணன். ஆஸ்பத்திரில படுத்துக்கினு வாசலையே பாக்கறான்னியே. நல்லாகி வூட்டுக்குப் போனா, அங்க யாருடி வருவா அவனைப் பாக்க?"

பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கலைமதி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் "அண்ணன் எப்படி இருக்காரு" என்று பெட்டியே கேட்டதே, அது அவளைக் கேட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று. அம்மா போனபிறகு அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தினம் கேட்டிருக்கிறார்கள், அவள்தான் அண்ணனுக்கென்று வாங்கி வைத்திருக்கிறாள். இப்போது அதையும் தொலைத்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் விளக்குக்கூடப் போடவில்லை.

மறுநாள் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் போகாமல் இருந்தால் அந்த மேஜை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது? முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று கிளம்பினாள்.

பெட்டியில் எங்கும் கைக்குட்டை இல்லை. தைலம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கலைமதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி புறப்பட்டது.

"அக்கா" என்றாள் புனிதா, தாழ்ந்த குரலில். "அண்ணன் எப்படி இருக்காரு?"

தைலம்மாள் ஒருத்தியிடமும் மூச்சு விடவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க புனிதா. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க."

புனிதா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒருவருடைய அண்ணனுக்காக அவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். எதிர் சீட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஒயர் மாட்டிய பெண் சிரித்தாள். கொஞ்ச நேரம் ஒரே சந்தோஷம். அப்புறம் புனிதாதான் கேட்டாள்.

"அப்போ... இனிமே நீங்க வரமாட்டீங்களாக்கா?"

கலைமதி இதை யோசிக்கவே இல்லை. அண்ணனைக் குணமாக்கினாள், வண்டி ஏறக் காரணம் போய்விட்டது!

"ஏன் வரமாட்டா?" ஜன்னலைப் பார்த்தபடியே குரல் வந்தது. "ஒண்டிக்கட்டை ஆளு. டிஸ்சார்ஜ் ஆனா போதுமா? செக்கப்பு இருக்கு, கட்டு மாத்தணும், நடக்க வைக்கணும், எத்தினி வேலை கீது! அவரு நல்லா நடக்கறவரைக்கும் இவ வரணும். ஆடிக் கிருத்திகைக்கு மயிலத்துல எனக்கு மொட்டை வேற. சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். அதுக்கும் இவதான் கூட வரணும்."

மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தாள். பைக்கு அடியில், ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில், கைக்குட்டை கிடந்தது.

"ஒக்காரு. நிக்கறதுக்கா டிக்கெட் எடுத்தே?"

கலைமதி உட்கார்ந்தாள். தைலம்மாள் அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மழையில நிக்கறாளே ஒரு பொண்ணு, அவளை உள்ள விடு மொதல்ல. காய்ச்சல் வந்துடப்போவுது."

மயிலத்தில் கூட்டம் ஏறியது. இரண்டு பக்கமும் இடித்தார்கள். கலைமதி போனை எடுத்தாள். வாசலில் அந்தப் பெண் கையைத் தூக்கியபடியே இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஆறு மாதமாகக் கலைமதிக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. இடுப்பில் அடிபட்டு வந்த ஒரு மேஸ்திரி, வாசலையே பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். கலைமதி கட்டைவிரலால் தட்டினாள். அந்தப் பெண் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வருகிற சத்தம் கேட்டது. "இரும்மா, தோ வர்றேன்" என்றது ஒரு குரல்.

பக்கத்தில் தைலம்மாள் மல்லாட்டை உரித்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தாள். பேரணி ஸ்டேஷன் போனது, விக்கிரவாண்டி போனது. முண்டியம்பாக்கம் வந்தபோது கலைமதி தலை நிமிரவில்லை. அவளை யாரும் எழுப்பவும் இல்லை.