மூத்தாப்பாவுக்கு எழுதிக்கொடுத்த அதிகாரம்

என் நிக்காஹுக்கு உப்பாவால் வர முடியவில்லை. தோஹாவில் அவருடைய கம்பெனி கடைசி நேரத்தில் லீவு இல்லையென்று சொல்லிவிட்டது. மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் தகப்பன். அவர் வராவிட்டால் அந்தப் பொறுப்பை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். உப்பா தன் அண்ணன் பீரான்குட்டி மூத்தாப்பாவுக்கு எழுதி அனுப்பினார். 'என் மகள் ஷஹர்பானின் நிக்காஹை என் சார்பில் நடத்தித் தர' என்பதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை கிடையாது.

மூத்தாப்பா அதை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு எங்கள் வீட்டில் உம்மாவின் பேச்சு எடுபடாமல் போனது.

பிரியாணிக்குச் சொல்லிவைத்திருந்ததை மாற்றி நெய்ச்சோறு ஆக்கினார். போட்ட பந்தலைப் பிரித்து மேற்குப் பக்கம் போடச் சொன்னார்.

"அங்க வெயிலடிக்குமே இக்கா" என்றாள் உம்மா.

"என் தம்பி அலவி இருந்தா அவன் பார்த்துப்பான். இப்ப நான் பார்க்கிறேன்" என்று பையைத் தட்டிக்காட்டினார்.

உம்மா உப்பாவுக்கு போன் போட்டாள். "நீங்க எழுதிக் கொடுத்தது நிக்காஹுக்கா, இல்ல என்னையும் சேர்த்தா?"

"அண்ணன்கிட்ட நான் என்னத்த சொல்ல, சைனபா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணி எனக்கு அடுக்களையில நிக்க இடமில்ல."

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். உம்மாவின் தங்கை ரம்லா எளாமாவை அழைக்கக்கூடாது என்றாரே மூத்தாப்பா, அதைத்தான் தாங்க முடியவில்லை. மூத்தாப்பாவுக்கும் எளாமாவின் கணவருக்கும் ஏதோ வேலித் தகராறு. நான் பாதி வளர்ந்ததே எளாமா வீட்டில்தான்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை ஜலீஸின் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நிக்காஹ் நடத்திவைக்க வந்த முசலியார் கடிதத்தைப் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார்.

மூத்தாப்பா பெண்கள் இருந்த அறைக்குள் வந்தார். "ஜலீஸுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சு கொடுக்கப் போறேன். சம்மதம்தானே?"

பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் வாயைத் திறந்தேன்.

"இப்ப இல்ல மூத்தாப்பா. எளாமா வரட்டும்."

"உன் உப்பா எனக்கு எழுதிக் கொடுத்திருக்கான், தெரியுமில்ல?"

"அது உப்பா பங்கு. என் பங்க நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கலயே."

உம்மா தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தாப்பா முசலியாரிடம் முறையிட்டார். "பொண்ணு சரின்னு சொல்லட்டும், ஆரம்பிக்கலாம்" என்று அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மூத்தாப்பாவே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

எளாமா அவரை வாசலிலேயே நிற்கவைத்து, நிதானமாகத் துணி தேய்த்து உடுத்திக்கொண்டு வந்தாள். இறங்கியதும் உம்மாவிடம்தான் பாய்ந்தாள்.

"ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலயா? இந்த மனுஷன் வந்து கூப்பிடணுமா?"

"நான் என்னடி செய்யட்டும், இக்காதான்..."

"நீ பேசாத."

என்னிடம் வந்து என் தட்டத்தைச் சரிசெய்தாள். நான் சம்மதம் சொன்னேன். உப்பா தோஹாவிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருக்க, மூத்தாப்பா ஜலீஸின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார்.

பந்தியில் எளாமா சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். உம்மா தட்டை ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு அலைந்தாள். பந்தலில் மூத்தாப்பா, மாப்பிள்ளையின் மாமாவிடம், எல்லாவற்றையும் தான் ஒற்றை ஆளாக ஏற்பாடு செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.